எல்லையோரத்து இரயிலும் கடவுச்சீட்டும்

நள்ளிரவு. ஓடிக்கொண்டிருந்த இரயில் ஏதோ ஒரு சிற்றூர் நிலையத்தில் நின்றுவிடுகிறது. முன்னிருந்த எஞ்சினைக் கழற்றும் ஓசை கேட்கிறது. நடைவழியில் பூட்ஸ் ஒலி நெருங்கி வருகிறது. பெட்டியின் கதவு தட்டப்படுகிறது. சீருடை அணிந்த ஒருவர் உள்ளே தலையை நீட்டி ஒரே ஒரு சொல்லைச் சொல்கிறார்: “பாஸ்போர்ட்!”

சென்ற நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகளினூடே இரயிலில் சென்றவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. ஒரு நாட்டின் அதிகாரி வந்து சென்றதும் மறு நாட்டின் அதிகாரி வருவார். முன்னவர் ‘ஏன் போகிறாய்?’ என்பார், பின்னவர் ‘ஏன் வருகிறாய்?’ என்பார்.

இரயில் எல்லையில் நிற்பதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஐரோப்பிய நாடுகள் தத்தம் இருப்புப்பாதைகளைத் தனித்தனியே அமைத்துக்கொண்டவை. மின்சார இரயில் வந்தபோதும் அவை ஒரே வகை மின்னோட்டத்தைத் தேர்ந்துகொள்ளவில்லை. சுவிட்சர்லாந்து 15,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தைக் கைக்கொள்ள, இத்தாலி 3,000 வோல்ட் நேர்மின்னோட்டத்தைக் கைக்கொண்டது. ஆதலின் அவ்விரு நாடுகளின் எல்லையிலுள்ள கியாஸ்ஸோ நிலையத்தில் எஞ்சினை மாற்ற வேண்டியிருந்தது. ஸ்பெயினின் தண்டவாளமோ பிரான்சின் தண்டவாளத்தினும் அகலமானது. போர்ட்போ, இரூன் முதலிய எல்லை நிலையங்களில் பயணிகள் வண்டி மாறி ஏறினர். இன்று பெலாருஸ் நாட்டிலுள்ள பிரெஸ்ட் நகரிலோ, பெட்டிகளை உயர்த்தி நிறுத்தி அவற்றின் சக்கரத் தொகுதிகளையே மாற்றினர். எஞ்சினுக்கும் சக்கரத்திற்கும் ஆன இந்தத் தாமதம், மனிதரைச் சோதிக்கும் அதிகாரிகளுக்கு நல்ல அவகாசமாயிற்று.

இங்கே ஒரு சிறு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். படுக்கை வசதியுள்ள உயர்வகுப்புப் பெட்டியில் சென்றவர்கள், மாலையிலேயே தம் கடவுச்சீட்டைப் பெட்டிப் பணியாளரிடம் கொடுத்துவிட்டு உறங்கச் செல்வர். நடுநிசியில் எல்லை அதிகாரியிடம் அதனைக் காட்டி முத்திரை பெறுவது பணியாளரின் வேலை. கண்விழிக்கும்போது அவர்கள் வேறொரு நாட்டில் இருப்பார்கள். மரப்பலகை இருக்கையில் தூங்கி வழிந்தவரையே அந்தக் கதவுத் தட்டல் எழுப்பியது. ஒரே இரயில், ஒரே எல்லை. எனினும் எல்லை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. இந்தக் கேள்வி எப்போது பிறந்தது? யாரிடம் கேட்கப்பட்டது? யாரிடம் கேட்கப்படாமல் விடப்பட்டது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

இரயில் வென்ற காலம்

வழிச் சோதனை என்பது புதிதன்று. 1326-ஆம் ஆண்டில் எகிப்திலிருந்து ஷாம் தேசத்திற்குச் சென்ற யாத்திரிகர் இப்னு பதூதா, வழியிலுள்ள கத்யா என்னும் இடத்தில் அனுமதிச் சீட்டின்றி எவரும் கடந்து செல்ல முடியாதிருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். இரவில் பாதையின் மணலைச் சமப்படுத்தி வைப்பார்களாம்; காலையில் காலடித் தடம் தென்பட்டால் ஆளைத் தேடிப் பிடிப்பார்களாம்.

ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இத்தகைய கெடுபிடிகள் மிகுந்திருந்தன. பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியன் போர்களும் அரசுகளின் உள்ளத்தில் விதைத்த அச்சம் எளிதில் அகலவில்லை. சிறு சிறு அரசுகளாகச் சிதறிக் கிடந்த ஜெர்மனியிலும் இத்தாலியிலும் குதிரை வண்டியில் செல்வோர் ஒவ்வோர் எல்லையிலும் நின்று, சீட்டைக் காட்டி, ஒப்பம் பெற்றுச் செல்ல வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாட்டைத் தகர்த்தது இரயில். குதிரை வண்டியில் வந்தவர்கள் ஆறு பேர், எட்டுப் பேர். இரயிலிலோ ஒரே வேளையில் நூற்றுக்கணக்கானோர் வந்து இறங்கினர். ஒவ்வொருவர் சீட்டையும் வாங்கி, படித்து, பதிந்து கொடுப்பதற்குள் அடுத்த வண்டி வந்து நின்றது. வணிகமோ விரைவை வேண்டியது. 1860-ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு தன் கெடுபிடியைத் தளர்த்தத் தொடங்கியது. வேறு சில மேலை நாடுகளும் அவ்வழியே சென்றன. பிரஷ்யாவின் தலைமையிலிருந்த வட ஜெர்மானியக் கூட்டரசு 1867 அக்டோபர் 12-ஆம் நாள் ஒரு சட்டம் இயற்றி, குடிகளும் அயலாரும் எல்லையைக் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை என்று அறிவித்தது. ஆனால் போர் அல்லது குழப்பம் நேரிட்டால் அக்கட்டாயத்தைத் தற்காலிகமாக மீண்டும் விதிக்கலாம் என்றும் அதே சட்டம் கூறிற்று. அடைத்த வாயிலில் ஒரு திட்டிவாசலை விட்டுவைத்தது போலிருந்தது அது.

அக்காலத்திலும் ருஷ்யப் பேரரசும் உதுமானியப் பேரரசும் கடவுச்சீட்டைக் கைவிடவில்லை. 1883-இல் பாரிஸிலிருந்து ‘ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ புறப்பட்டபோதும், 1888-இல் இஸ்தான்பூல் வரை இருப்புப்பாதை இணைப்பு முழுமையுற்றபோதும், மேற்கு ஐரோப்பாவில் எவரும் கேளாத சீட்டை உதுமானிய எல்லையில் காட்டவேண்டியிருந்தது. ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெபான் ஸ்வைக், 1914-க்கு முன் தாம் கடவுச்சீட்டின்றியே இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று வந்ததைத் தம் நினைவு நூலில் ஏக்கத்தோடு குறிப்பிடுகிறார். அந்நூல் 1942-இல் வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை. சொந்த நாடு மறைந்துபோக, பிரேசிலில் அகதியாய் இறந்திருந்தார்.

எனினும் அந்தப் பொற்காலம் எல்லாருக்கும் பொற்காலமாக இருந்ததா? இல்லை என்றே வரலாறு கூறுகிறது. அதே பிரஷ்யா 1885 முதல் தன் மண்ணில் வாழ்ந்த அயல்நாட்டுக் குடியுரிமையுடைய போலந்தியரையும் யூதரையும் ஆயிரக்கணக்கில் வெளியேற்றியது. 1890-களில் ருஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்காவை நோக்கிப் புறப்பட்ட ஏழை மக்கள் ஜெர்மனியின் கிழக்கெல்லையில் வண்டியிலிருந்து இறக்கப்பட்டனர். அங்கிருந்த சோதனை நிலையங்களை நடத்தியவை ஹாம்பர்க், பிரேமன் நகரங்களின் கப்பற் கம்பெனிகள். உடல்நலச் சோதனை, துணிகளை மருந்திட்டுத் தூய்மை செய்தல், கப்பற் சீட்டும் பணமும் உண்டா எனப் பார்த்தல் ஆகிய அனைத்திலும் தேறியவர்கள், பிற பயணிகளோடு கலவாதவாறு தனி இரயில்களில் துறைமுகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். சீட்டுக் கேட்கப்படாத காலத்திலும் ஏழையிடம் கேள்வி கேட்கப்பட்டே வந்தது.

‘தற்காலிகம்’ என்றொரு சொல்

1914 ஜூலை 31. முதலாம் உலகப் பெரும்போர் மூளும் தறுவாயில், ஜெர்மனி அந்தத் திட்டிவாசலைத் திறந்தது. கடவுச்சீட்டுக் கட்டாயம் தற்காலிகமாக விதிக்கப்படுவதாக ஆணை பிறந்தது. போரில் இறங்கிய பிற நாடுகளும் இவ்வாறே செய்தன. ஒற்றர் நுழையாதிருக்கவும், படைக்கு வேண்டிய இளைஞர் நழுவாதிருக்கவும் இது வேண்டும் என்றனர். சீட்டில் புகைப்படம் ஒட்டும் வழக்கமும் அப்போதுதான் பரவியது.

நான்கு ஆண்டுகளில் போர் முடிந்தது. சீட்டு முடியவில்லை. 1920 அக்டோபரில் சர்வதேச சங்கம் பாரிஸில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. அதன் பெயரே பொருள் நிறைந்தது: கடவுச்சீட்டு, சுங்க நடைமுறை, நெடுவழி இரயில் பயணச்சீட்டு ஆகியவற்றிற்கான மாநாடு! எல்லைதோறும் இரயில்கள் மணிக்கணக்கில் தேங்கியதே அதனைக் கூட்டத் தூண்டிய காரணங்களுள் ஒன்று. கடவுச்சீட்டை முற்றும் ஒழிப்பது விரைவில் கைகூட வேண்டும் என்று மாநாடு விரும்பிற்று. அதுவரை எல்லா நாடுகளும் 32 பக்கங்கள் கொண்ட ஒரே வகைப் புத்தகத்தைக் கையாளலாம் என்று பரிந்துரைத்தது. விருப்பம் ஏட்டளவில் நின்றது. புத்தகமோ உலகெங்கும் பரவியது. 1926-இல் ஜெனீவாவில் மீண்டும் கூடிய மாநாடு, ஒழிப்பு இப்போதைக்கு இயலாது என்ற முடிவுக்கு வந்தது. பிரிட்டிஷார் ஆட்சியிலிருந்த நம் நாட்டிலும் அதே 1920-இல் இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டதை இங்கு நினைவுகூரலாம்.

சீட்டு இன்றியமையாததாகிவிட்டபின், சீட்டுத் தர ஒரு நாடே இல்லாதவர் கதி என்ன? 1921 டிசம்பரில் சோவியத் அரசு, புரட்சிக்குப் பின் வெளியேறி அயல்நாடுகளில் தங்கியிருந்த ருஷ்யர்களின் குடியுரிமையைப் பறித்தது. இலட்சக்கணக்கான மக்கள் ஒரே ஆணையால் நாடற்றவராயினர். நார்வே நாட்டுத் துருவ ஆராய்ச்சியாளரும் சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையருமான பிரிட்ஜாப் நான்சென் இவர்களுக்கென ஒரு சான்றிதழை 1922-இல் ஏற்பாடு செய்தார். 1924-இல் அது ஆர்மீனிய அகதிகளுக்கும் வழங்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் ‘நான்சென் பாஸ்போர்ட்’ எனப்பட்ட அதனை ஏற்றன. ஆனால் தொடக்கத்தில் அதற்கொரு குறை இருந்தது. அதனைக் காட்டி ஒரு நாட்டைவிட்டு வெளியேறலாம். திரும்பி வரும் உரிமையை அது உறுதி செய்யவில்லை.

சிவப்பு எழுத்து

காகிதம் மனிதனைக் காட்டும் கருவி என்ற நிலை மாறி, மனிதனைக் காட்டிக் கொடுக்கும் கருவியாகவும் ஆகக்கூடும் என்பதை 1938 மெய்ப்பித்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. வியன்னாவிலிருந்து சுவிட்சர்லாந்து நோக்கிச் சென்ற இரயில்களில் யூதர்களும் ஆட்சியின் எதிர்ப்பாளர்களும் நிறைந்திருந்தனர். எல்லைக்கு முன்னுள்ள ஃபெல்ட்கிர்ச் நிலையத்தில் வண்டிகள் நிறுத்தப்பட்டு, பயணிகள் இறக்கிச் சோதிக்கப்பட்டனர். பலருடைய பயணம் அங்கேயே முடிந்தது.

எல்லைக்கு அப்பால் இருந்தவர்களும் கவலை கொண்டனர். ஆனால் அவர்கள் கவலை வேறு. அகதிகள் பெருகுவதை விரும்பாத சுவிஸ் அரசு, ஜெர்மானியர் அனைவருக்கும் விசாவைக் கட்டாயமாக்க எண்ணியது. ஜெர்மனி அதனை விரும்பவில்லை. இரு தரப்பும் பேசிக் கண்ட முடிவின்படி, 1938 அக்டோபர் 5-ஆம் நாள் ஆணையொன்று பிறந்தது. ஜெர்மானிய யூதர்களின் கடவுச்சீட்டுகளில் ‘ஜே’ என்னும் எழுத்து சிவப்பு மையில் பெரிதாகக் குத்தப்பட்டது. அதன்பின் இரயில் பெட்டியில் அதிகாரி கேள்வி கேட்கவேண்டிய தேவையே இல்லை. முதற் பக்கத்தைத் திறந்தால் போதும்!

அந்த எல்லையிலே ஒரு மனிதர் இருந்தார். சென்ட் காலன் மாநிலக் காவல்துறைத் தலைவர் பவுல் குருனிங்கர். 1938 ஆகஸ்டில் எல்லை மூடப்பட்ட பின்னரும் வந்தவர்களை, அதற்கு முன்பே வந்தவர்கள் எனத் தேதியை மாற்றிப் பதிந்து, நூற்றுக்கணக்கான யூத அகதிகளை உள்ளே ஏற்றார். 1939-இல் அவர் பதவி பறிபோயிற்று. 1940-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. எஞ்சிய வாழ்நாளை வறுமையில் கழித்து 1972-இல் மறைந்தார். 1995-இல் தான் நீதிமன்றம் பழைய தீர்ப்பை நீக்கி அவரை நிரபராதி என்றது. அதே ஆண்டில் சுவிஸ் அரசு அந்தச் சிவப்பு எழுத்துக்காக மன்னிப்புக் கோரியது. சட்டத்தின் கண் திறக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

குருனிங்கரைப் போன்றவர் இல்லாத எல்லைகளும் இருந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்ட்டர் பெஞ்சமின் பிரான்சிலிருந்து பைரனீஸ் மலையைக் கால்நடையாகக் கடந்து, ஸ்பெயினின் இரயிலடி ஊரான போர்ட்போவை அடைந்தார். அவரிடம் அமெரிக்க விசா இருந்தது. பிரான்சைவிட்டு வெளியேறும் அனுமதி இல்லை. அங்கிருந்து இரயிலேறி லிஸ்பன் செல்வது அவர் எண்ணம். அந்த ஒரு முத்திரை இல்லாததால் திருப்பி அனுப்பப்படுவார் என்று கூறப்பட்டது. மனமுடைந்த அவர் அங்கேயே உயிர் துறந்தார். உடன் வந்தவர்களோ பின்னர் அனுமதிக்கப்பட்டுப் போர்ச்சுகலைச் சென்றடைந்தனர். கண்ணீரை வரவழைக்கும் செய்தி இது.

கேள்வி கேளாத எல்லை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெர்லின் நகரமே இரண்டாயிற்று. 1961 ஆகஸ்டில் சுவர் எழுந்தது. கிழக்கு பெர்லினில் இருந்த ஃபிரீட்ரிஷ் வீதி இரயில் நிலையம் விந்தையான எல்லையாயிற்று. ஒரே கூரையின் கீழ் ஒரு பகுதி நடைமேடை கிழக்கு இரயிலுக்கும், தடுப்புக்கு அப்பாலுள்ள பகுதி மேற்கு இரயிலுக்கும் உரியன. மேற்கே செல்வோரைச் சோதிக்க 1962-இல் கட்டப்பட்ட மண்டபத்திற்கு மக்கள் இட்ட பெயர் ‘கண்ணீர் மாளிகை’. வந்து பார்த்துவிட்டுத் திரும்பும் உறவினரை வழியனுப்பியோர் அதன் வாயிலோடு நின்றுவிட வேண்டும். இன்று அது அருங்காட்சியகமாக உள்ளது.

கிழக்கு ஜெர்மனி இத்தனை கடுமை காட்டிய அந்த எல்லையில், மேற்குப் பக்கத்தில் ஒழுங்கான கடவுச்சீட்டுச் சோதனை கிடையாது. ஏன்? பெர்லின் முழுவதும் ஒரே நகரம், அதன் நடுவே நாட்டெல்லை ஏதுமில்லை என்பது மேலை வல்லரசுகளின் கொள்கை. அங்கே சோதனை நடத்தினால் அதை எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வல்லரசுகளின் இந்த வீம்பு, அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு மக்களுக்கு வழியாயிற்று. 1983 ஜூலையில் இலங்கையில் நிகழ்ந்த கொடுமைகளுக்குப் பின் உயிர் தப்பி ஓடிய ஈழத் தமிழர்கள், விமானத்தில் கிழக்கு பெர்லினின் ஷோனபெல்டு நிலையத்தில் இறங்கினர்; கடந்து செல்லும் விசாவைப் பெற்றனர்; ஃபிரீட்ரிஷ் வீதியில் நகர இரயில் ஏறினர்; சில நிமிடங்களில் மேற்கு பெர்லினில் இறங்கிப் புகலிடம் கேட்டனர். ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு வந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்தோரும் இவ்வழியையே நாடினர். மேற்கு ஜெர்மனி தன் கொள்கையையும் விட மனமின்றி, வந்தோரையும் விரும்பாமல், சோதிக்கும் பொறுப்பைக் கிழக்கு ஜெர்மனியிடமே கேட்டுப் பெற்றது. சேருமிடத்து விசா இல்லாதவர்க்கு வழி இல்லை என்று கிழக்கு ஜெர்மனி அறிவிக்க, 1986 அக்டோபர் முதல் அந்த வாயில் அடைபட்டது. எதிரிகளாக நின்ற இரு அரசுகளும் இந்த ஒன்றில் ஒத்துப்போனதை என்னென்பது!

துருக்கியத் தொழிலாளர்களின் வரலாறும் இதனோடு சேர்த்துக் காணத்தக்கது. 1961 அக்டோபர் 30-இல் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. இஸ்தான்பூலின் சிர்கெஜி நிலையத்தில் ஏறியவர்கள் இரண்டு நாட்களுக்கும் மேலாகப் பயணம் செய்து மியூனிக் நகரின் 11-ஆம் நடைமேடையில் இறங்கினர். ஆனால் அவர்களுடைய உண்மையான எல்லை இஸ்தான்பூலிலேயே இருந்தது. அங்கே அமைந்த ஜெர்மானிய அலுவலகத்தில் மருத்துவர்கள் அவர்களின் உடலையும் பற்களையும் சோதித்துத் தேர்ந்தெடுத்தனர். உழைப்பு வேண்டியிருந்தவரை வாயில் திறந்திருந்தது. 1973-இல் ஆள்சேர்ப்பு நின்றது. 1980 அக்டோபரில் துருக்கியருக்கு விசா கட்டாயமாயிற்று.

ஷெங்கனும் அதற்குப் பின்னும்

1985 ஜூன் 14-ஆம் நாள், லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூருக்கு அருகே, மோசல் நதியில் நின்ற கப்பலொன்றில் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். பிரான்சு, மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் என்பன அந்நாடுகள். தமக்கிடையே எல்லைச் சோதனையை நீக்குவது அதன் நோக்கம். பத்தாண்டுகள் கழித்து, 1995 மார்ச் 26-இல், ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஏழு நாடுகளில் அது நடைமுறைக்கு வந்தது. 2007 டிசம்பரில் மேலும் ஒன்பது நாடுகள் இணைந்தன. 2025 ஜனவரி 1 முதல் ருமேனியா, பல்கேரியா ஆகியவற்றின் தரைவழி எல்லைகளிலும் சோதனை நீங்க, ஷெங்கன் வட்டத்தில் 29 நாடுகள் முழுமையாக அமைந்தன. அந்தக் கதவுத் தட்டல் ஓய்ந்தது. ஒரு தலைமுறை இளைஞர் அதனைக் கேளாமலே வளர்ந்தனர். மனித குலத்தின் அரிய சாதனைகளுள் ஒன்றாக இதனைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆயினும் அதே ஒப்பந்தத்தின் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். உட்சுவர்கள் இடிந்தபோது வெளிச்சுவர் உயர்ந்தது. இஸ்தான்பூலிலிருந்து சோபியா செல்லும் இரவு இரயிலின் பயணிகள், நள்ளிரவுக்குப் பின் கபிகுலே நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, வரிசையில் நின்று சீட்டைக் காட்டிவிட்டே மீண்டும் ஏற வேண்டும். லண்டன் செல்லும் இரயிலுக்கோ பாரிஸ் நிலையத்திற்குள்ளேயே பிரிட்டிஷ் அதிகாரிகள் அமர்ந்து சோதிக்கின்றனர்; கடலுக்கு அடியிலுள்ள எல்லை, நகர நடுவே வந்துவிட்டது.

2015 செப்டம்பரில் சிரியா, ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளின் அகதிகள் புடாபெஸ்டின் கெலெத்தி நிலையத்தில் குவிந்தனர். பயணச்சீட்டு வைத்திருந்தோர்க்கும் வண்டி மறுக்கப்பட்டது. பின்னர் ஏற அனுமதித்த வண்டியொன்றையும் பிச்கே என்னும் ஊரில் நிறுத்தி, முகாமுக்குக் கொண்டு செல்ல முயன்றனர். மறுநாள் ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கினர். ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் வழிவிட்டன. ஒருகாலத்தில் துருக்கியத் தொழிலாளர் வந்திறங்கிய அதே மியூனிக் நிலையத்தில், உணவும் தண்ணீரும் ஏந்தி மக்கள் அவர்களை வரவேற்றனர். ஆனால் செப்டம்பர் 13-இலேயே ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் சோதனையை மீண்டும் தொடங்கியது.

ஓரிசுண்டு பாலத்தின் வழியே டென்மார்க்கிலிருந்து சுவீடன் செல்லும் இரயிலில் 2016 ஜனவரி முதல் 2017 மே வரை அடையாளச் சான்று காட்டாதவர் ஏற இயலவில்லை. 1950-களிலேயே கடவுச்சீட்டுச் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகள் அவை! 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையை விரிவுபடுத்தியது. ஒவ்வொரு முறையும் அரசுகள் பயன்படுத்திய சொல், 1914-இல் கேட்ட அதே சொல்தான்: ‘தற்காலிகம்’.

இந்த வரலாற்றில் நாம் காண்பது என்ன? சோதனை முற்றிலும் நீங்கிய காலம் என்று ஒன்று இருந்ததில்லை. அது சிலரிடமிருந்து நீங்கும்போது வேறு சிலர்மேல் இறங்கியது; எல்லை நிலையத்திலிருந்து நீங்கும்போது தூதரக வாயிலிலும் புறப்படும் ஊரிலும் போய் நின்றது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகளின் வெளியெல்லையில் அயல்நாட்டாரின் விரல்ரேகையையும் முகத்தையும் பதிந்துகொள்ளும் கணினி ஏற்பாடு படிப்படியாக வரத் தொடங்கியது. முத்திரையும் மையும் மறைகின்றன. தேதியை மாற்றி எழுதி ஓர் உயிரைக் காக்க, இனியொரு குருனிங்கருக்குப் பேனா கூடக் கிடைக்காது.

ஓர் அரசு தன் வாயிலைக் காப்பது தவறென்று நாம் கூறவில்லை. காகிதம் மனிதனுக்காகப் படைக்கப்பட்டது என்பதை வாயிற்காவலர் மறவாதிருக்க வேண்டும் என்றே கூறுகிறோம். நள்ளிரவில் இரயில் நிற்கும்போது, சீட்டை நீட்டும் கையையும் ஒரு கணம் பார்ப்பவர் அங்கு இருந்தால், நின்ற இரயில் எல்லாருக்காகவும் மீண்டும் புறப்படும்.